உறவினர் அல்லாத ஒருவர்

"வாந்தி எடுத்ததே இல்லைங்கறத இங்கிலீசுல எப்படீங்க எழுதறது?"

"எடுத்ததே இல்லைன்னு எழுது கண்ணு. அதுல என்ன கஷ்டம்?"

"எழுதிரலாம். படிக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனைக்கட்டுமே. இருவது கொண்டை ஊசி வளைவு. காலேஜுக்குப் போன மூணு வருசமும் இந்தப் புள்ள என்ற பஸ்ஸுலதான் எறங்கி ஏறுச்சு. ஒரு நாள் ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டினதில்ல. இந்த மலையில பாதிப் பேரு மொகம் எனக்குத் தெரியாது கண்ணு, கண்ணாடியில பாத்தா நீட்டின தலைதான் தெரியும். உன்ற தலை எனக்கு நல்லாத் தெரியும்."

கடைசி வாக்கியம் எனக்காகச் சொன்னது. நான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்கிறவள், பெயர் சசிகலா. சொல்லிக்கொண்டிருந்தவர் சேலத்திலிருந்து வெள்ளக்கடை வரை பஸ் ஓட்டும் தங்கராஜ். டீக்கு வண்டியை நிறுத்திய இடைவேளையில், என் மேசையில் சாய்ந்தபடி, மேனகாவுக்காக ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மேனகா அவருக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மேனகாவும் நானும் வெள்ளக்கடைக்காரிகள், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் டிகிரியோடு நிறுத்திக்கொண்டேன். அவள் அரசாங்க உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகு வேலை கிடைக்கவில்லை. ஓட்டாமல் வைத்திருந்தால் லைசென்ஸ் காலாவதி ஆகிவிடும் என்றும், அதைப் புதுப்பிக்க மறுபடியும் பறக்க வேண்டும் என்றும், அதற்கு இனி யாரும் உதவித்தொகை தரமாட்டார்கள் என்றும் அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஊரில் எல்லோரும் அவள் லீவில் வந்திருப்பதாக நினைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு விமானக் கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. பயிற்சி கொடுத்தவர்களின் கடிதங்கள் கையில் இருந்தன. அது போக, சொந்த ஊரில் பொறுப்பான நிலையில் இருக்கும் மூன்று பேர், ஐந்து வருடத்துக்கு மேல் அவளை அறிந்தவர்கள், அவள் குணத்தைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் பிரதியோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். கடைசி வரியில் உறவினர்கள் கூடாது என்றிருந்தது. அதை நாங்கள் படிக்காமல் விடவில்லை. படித்து, அப்பா, அம்மா, அண்ணன் எழுதக்கூடாது போலிருக்கிறது என்று அர்த்தம் செய்துகொண்டோம்.

சிபாரிசுக் கடிதங்களைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். எங்கள் கிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் மட்டும் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. அவற்றில் அடிக்கடி ஓர் ஏழை இளைஞன் கோட்டின் உள்பையில் கடிதத்தோடு தலைநகரத்துக்குப் போவான். பனி கொட்டும். கடிதத்தின் மேல் அரக்கு முத்திரை இருக்கும். அவன் போய்ச் சேரும்போது எழுதிக் கொடுத்தவர் செத்துப்போயிருப்பார், இல்லையென்றால் யாருக்கு எழுதப்பட்டதோ அவர் செத்துப்போயிருப்பார். அதனால் நான் மேனகாவை அவசரப்படுத்தினேன். தங்கராஜ் சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது.

அவர் கடிதம் முடிந்த மறுநாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணியிடம் போனோம். பள்ளி விடுமுறைகளில் மேனகா அந்த எஸ்டேட்டில் மிளகு பறித்திருக்கிறாள். ரைட்டர் தன் வாழ்நாளில் எழுதிய கடிதமெல்லாம் வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் சான்றுதான். அதையே எழுதினார். மேற்படி மேனகா மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சிவரை ஏணியில் ஏறுவார், உச்சியில் இருக்கும்போது கீழே நிற்கிறவர்களோடு வம்பு பேசமாட்டார், ஏணி, சாக்கு, கத்தி ஆகியவற்றை நல்ல நிலையில் திருப்பி ஒப்படைத்தார், இவர் மேல் புகார் எதுவும் இல்லை. மேனகாவுக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடித்துப்போனது. ஏணியைத் திருப்பிக் கொடுத்தவள் விமானத்தையும் திருப்பிக் கொடுப்பாள் என்று கம்பெனிக்கு நம்பிக்கை வரும் என்றாள்.

மூன்றாவது, எங்களுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த கலாவதி டீச்சர். இரண்டு பக்கம் எழுதினார். விமானம் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்தது. மீதியெல்லாம், மேனகா தனக்குப் பிறக்காத மகள், தன் கையால் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை, இவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

மூன்றையும் நான் ஓர் இரவு விடாமல் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லை விடுவதும் துரோகம் என்று நினைக்கிறவள் நான். தங்கராஜ் 'இப்படிக்கு, சித்தப்பா தங்கராஜ், ஓட்டுநர்' என்று முடித்திருந்தார். ரைட்டர் 'தங்கள் உண்மையுள்ள, பிள்ளையின் மாமா' என்று கையெழுத்திட்டிருந்தார். டீச்சர் 'அத்தை கலாவதி'. ஒன்றையும் விடவில்லை. நல்ல பதிப்புகளில் செய்வதுபோல அடிக்குறிப்பும் கொடுத்தேன். சித்தப்பா: தந்தையின் இளைய சகோதரர். மாமா: தாயின் சகோதரர். அத்தை: தந்தையின் சகோதரி.

இரண்டாம் நாளே பதில் வந்தது. அதையும் நானே மொழிபெயர்த்துச் சொல்கிறேன். அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, உங்கள் தந்தையின் சகோதரர், தாயின் சகோதரர், தந்தையின் சகோதரி ஆகியோர் அனுப்பிய கடிதங்கள் கிடைத்தன. உங்கள் குடும்பத்தினர் உங்கள் மேல் வைத்திருக்கும் அன்பைப் பாராட்டுகிறோம். ஆனால் விதிமுறைப்படி, இவர்களில் ஒருவராவது, அல்லது பொறுப்பில் இருக்கும் வேறொருவராவது, தாம் உங்களுக்கு உறவினர் அல்ல என்று வெளிப்படையாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் உங்கள் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்.

மேனகா அதை என் கணினியில் இரண்டு முறை படித்தாள்.

"அடிக்குறிப்பு போடச் சொல்லி யாருடி உன்னையக் கேட்டா?"

"போடாட்டி அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"புரிஞ்சிருச்சு பாரு. நல்லாப் புரிஞ்சிருச்சு."

ஒரு வரிதானே, வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம். கிளம்பும்போது அது எவ்வளவு பெரிய வரி என்று யோசிக்கவில்லை. எங்கள் மலையில் ஒருத்தர் இன்னொருத்தருக்காக வாய் திறந்து நல்ல வார்த்தை சொன்னால் அதோடு ஒரு முறையும் வந்துவிடும். மாமனா, சித்தப்பனா, அண்ணனா என்று முடிவாகிவிடும். அதற்குப் பிறகு, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்ல ஒரே வழிதான் இருக்கிறது. நாலு பேர் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட வேண்டும். கிள்ளிப் போட்டுவிட்டால் கல்யாணத்துக்கும் கிடையாது, சாவுக்கும் கிடையாது. அதைத்தான் கம்பெனி மின்னஞ்சலில் கேட்டிருந்தது.

நாங்கள் சொன்னதைத் தங்கராஜ் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கேட்டார். கேட்டுவிட்டு ஸ்டீயரிங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். நாங்கள் எவ்வளவு சொல்லியும், அது வெறும் காகிதத்துக்காக, மனசுக்கு இல்லை என்று எவ்வளவு விளக்கியும், அவர் பேனாவைத் தொடவில்லை.

"ஏங்கண்ணு," என்று கடைசியில் கேட்டார், "ஏரோப்ளேன் ஓட்டறவங்களுக்கு பஸ் ஓட்டற சித்தப்பன் ஆவாதா?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. டீச்சர் காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், விஷயத்தைச் சொன்னதும் அழ ஆரம்பித்தார். ஊட்டிய கையால் எப்படி எழுதுவது என்றார். ரைட்டர் மட்டும் சட்டம் தெரிந்தவராக, அதில் தவறொன்றுமில்லை, எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், வௌக்கு வெக்கற நேரத்துல இந்த ஊட்டுல அப்படி ஒரு வார்த்தைய எழுதக் கூடாது என்று சொன்னார். ரைட்டர் காகிதத்தை உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் முறையே இல்லாத ஆட்களைத் தேடினோம். ஏற்காட்டில் அப்படிப்பட்டவர்கள் அதிகாரிகள்தான். ஆனால் அவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாறிவிடுகிறார்கள். பேங்க் மேனேஜர் மழைக்காலம் முடிந்து வந்தவர். மேனகாவை அவருக்குத் தெரியாது, அதற்குள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். என் முதலாளி வேலுசாமி சேலத்துக்காரர், சொந்தபந்தம் பார்க்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் நல்ல மனதோடு எழுதிக் கொடுத்தார். 'இவர் எனக்கு உறவினர் அல்ல, கூடப் பிறக்காத தங்கை' என்று எழுதியிருந்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளக்கடை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். தங்கராஜ் எங்கள் பக்கம் பார்க்காமல் ஓட்டினார், ஆனால் மேனகா ஏறும் வரை வண்டியை எடுக்காமல் நின்றார். தை மாதப் பனி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நான் வழக்கமாகக் கற்பனையில் ரயிலேறி ஏதோ ஒரு தூரதேசத்து மாகாணத்துக்குப் போய்க்கொண்டிருப்பேன். அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆளின் மடியில் இருந்த காப்பிச் செடிக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குள் பொறி தட்டியது.

"மேனகா, இந்த மலையில உனக்கும் தனக்கும் உறவு இல்லைன்னு ஊரறியச் சொன்ன ஆளு ஒருத்தர் இருக்கறாரு."

அவள் உடனே புரிந்துகொண்டாள். "வேண்டாம்," என்றாள்.

அம்மாசி எங்கள் ஊரில் காப்பி விவசாயிகள் சங்கத் தலைவர். அவரிடம் பெயர் அச்சடித்த காகிதம் இருக்கிறது, வட்ட முத்திரை இருக்கிறது. மேனகா பிறந்ததிலிருந்து அவளைத் தெரியும். அவள் அப்பாவுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ஒன்றாக மாடு மேய்த்தவர்கள், அதனால் மாமன் மச்சான் முறை. மேனகாவை அவர்தான் தோளில் தூக்கிக்கொண்டு சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போவார். மாமா என்றால் அவள் வாயில் அவர் ஒருத்தர்தான். அவள் டிகிரி முடித்ததும் தன் மகன் மாதேஷுக்குப் பெண் கேட்டார். கேட்டார் என்பதுகூடச் சரியில்லை, நாள் குறித்துவிட்டுச் சொல்ல வந்தார். மேனகா எல்லோர் முன்னாலும், தான் விமானம் ஓட்டப் படிக்கப் போவதாகவும் கல்யாணம் வேண்டாம் என்றும் சொன்னாள். அவர் வாசலில் கிடந்த காப்பிக் குச்சியை எடுத்து முறித்துப் போட்டு, இனி நீ யாரோ நான் யாரோ என்றார். அவள் குனிந்து இரண்டு துண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "சரிங்க தலைவருங்களே," என்றாள்.

அதிலிருந்து அவர் பேசுவதில்லை. ஊரே கூடும் இடத்தில்கூட, அந்தப் புள்ள என்றுதான் சொல்வார். அவளும் அவரைத் தலைவருங்க என்பதோடு சரி. மாதேஷ் இதிலெல்லாம் இல்லை. அவன் வாழவந்தியில் பெண் எடுத்து, டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் ஜீப்போடு எதிரே வந்தான். அப்பா எங்கே என்று கேட்டதற்குக் களத்தில் காப்பி காயப் போடுகிறார் என்றான். பிறகு மேனகாவைப் பார்த்து, சீக்கிரம் எங்கியாவது வேலையில சேந்து தொலை, சேலத்துக்கு வர்ற ப்ளேன் சத்தம் கேட்டா எங்கப்பன் தலைய அண்ணாந்துட்டு வெளிய ஓடறாரு, கழுத்து வலிக்கு மருந்து வாங்கி எனக்கு ஆவுல என்றான். மேனகா களத்துப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று அவள் மறுபடி சொல்லவில்லை.

களத்தில் அம்மாசி காலால் காப்பிக் கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டு நடந்தார். எங்களைப் பார்த்ததும் என்னிடம் மட்டும் தலையாட்டினார்.

"வா சசி. என்ன சாமி விசயம்?"

நான் சொன்னேன். யார் கிடைத்தாலும் ஆகட்டும் என்று கடிதத்தைக் காலையில் கடையிலேயே பொதுவாகத் தட்டச்சு செய்து, பிரிண்ட் எடுக்காமல் பென் டிரைவில் வைத்திருந்தேன். சங்க அலுவலகத்தில் பிரிண்டர் இருக்கிறது, அவர் காகிதத்திலேயே எடுத்துவிடலாம் என்றேன். அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. களத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார்.

"அந்தப் புள்ளதான் கேக்குதா, நீயாக் கேக்கறயா?"

"அவதாங்க பெரீப்பா."

"எனக்கும் அதுக்கும் ஒறவு இல்லைன்னு எழுதோணும். அவ்வளவுதானே? நாலு வருசமாச் சொல்லீட்டுத்தானே இருக்கறேன். பேப்பர்ல எழுதறதுக்கு என்ன. வா."

எனக்கு வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததில் சந்தோஷம். அலுவலகத்தில் அவருக்குத் தகுந்தபடி முதல் வரியை மாற்றி, பிரிண்ட் எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டார். மேனகா வாசற்படிக்கு வெளியே நின்றாள், உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நான் பொய்க்குக் கையெழுத்துப் போடறவன் இல்லை, சங்க முத்திரை அப்படிப்பட்ட முத்திரை இல்லை என்றார். ஒரு சொல்லையும் விடாமல் படிப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை.

'மேனகாவை அவர் பிறந்த நாள் முதல் அறிவேன். அவர் ரத்த உறவாலோ திருமண உறவாலோ எனக்கு எந்த வகையிலும் உறவினர் அல்ல.'

"கல்யாணத்தாலயும் இல்லையா?"

"இல்லைங்களே, பெரீப்பா."

"ஆமா, இல்ல. அது நெசந்தான். மேல சொல்லு."

மேலே குணத்தைப் பற்றி ஒரு வரி நான் பொதுவாக எழுதியிருந்தேன். நேர்மையானவர், கடும் உழைப்பாளி. அது ஆவாது, எல்லாருக்கும் எழுதறது அது என்றார். கொஞ்ச நேரம் முத்திரையின் கைப்பிடியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இப்படிப் போடு. நூறு பேரு சுத்தி நின்னு வற்புறுத்தினாலும், வேண்டியவங்களே வந்து கேட்டாலும், மனசுல சரின்னு பட்டதத்தான் செய்யும். மாட்டேன்னா மாட்டேன்தான். ஆனா மாட்டேன்னு சொல்றப்பக்கூடக் கொரல ஒசத்தாது. நான் கண்ணால பாத்திருக்கறேன்னு போடு."

விமானம் ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல சிபாரிசு என் அலமாரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. திருத்தி எழுதி, புதிதாக பிரிண்ட் எடுத்தேன். வாசலில் மேனகா தலையைக் குனிந்து, காலில் ஒட்டிய காப்பித் தொலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி சொன்ன நேரத்துக்குள் கடைக்குத் திரும்ப வேண்டும். கடைசி பஸ்ஸுக்காக இல்லை, ஏற்காட்டில்தான் நெட் ஒழுங்காக வரும் என்பதற்காக. தங்கராஜின் பஸ் திரும்பிப் போகும் வழியில் ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. எங்களுக்காகத்தான் நிற்கிறார் என்று தெரிந்தது.

அம்மாசி முத்திரையை மை டப்பாவில் அழுத்தினார். மை காய்ந்திருந்தது. வாயால் ஊதி ஊதி மறுபடி அழுத்தி, ஓரத்தில் கிடந்த பழைய காகிதத்தில் குத்திப் பார்த்தார். வட்டம் தெளிவாக விழுந்தது. திருப்தியாகக் கடிதத்தில் குத்தினார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான் விரலால் காட்டினேன். அவர் பேனாவைக் கொண்டுவந்து அந்த இடத்துக்கு மேலே நிறுத்தினார்.

ரோட்டில் மறுபடி ஹாரன் கேட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாக, வாசலில் நின்றவளை நேராகப் பார்த்தார்.

"குச்சிய ஒடிச்சது வாயோட போச்சு. இது பேப்பர்ல நின்னுரும்," என்றார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால, ஒரே ஒருக்கா மாமான்னு கூப்புட்டுரு கண்ணு."